குழந்தை வேண்டும் என்பதற்காகக் குடலில் கத்தி வைக்கலாமா?

கேள்வியைச் சுருக்கித் தருகிறேன்: "கோத்தகிரிப் பக்கம் ஒரு ஹட்டி (படுகர் ஊர்). வயது 31, பள்ளி ஆசிரியை. கல்யாணமாகி 5 வருடம், குழந்தை இல்லை. டேட் வரும் நாட்களில் மலம் கழிக்க உட்கார்ந்தால் கண்ணாடித் துண்டு இறங்குகிற மாதிரி வலி. மாதம் மூன்று நாள் லீவு. மூலம் என்றார்கள், நெர்வ்ஸ் என்றார்கள், குடலுக்குள் டியூப் விட்டுப் பார்த்து நார்மல் என்றார்கள். கடைசியில் எம்.ஆர்.ஐ.யில் மலக்குடல் சுவரில் 2.5 செ.மீ. எண்டோமெட்ரியோசிஸ் முடிச்சு, இடது சினைப்பையில் 4 செ.மீ. சாக்லேட் கட்டி (அதே நோயால் பழைய ரத்தம் தேங்கிய கட்டி). முட்டை இருப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை ஏ.எம்.ஹெச். 2.1. கோயம்புத்தூரில் ஒரு சர்ஜன் குடலில் ஒரு துண்டை எடுத்தால்தான் தீர்வு என்கிறார். அதே ஊரில் ஒரு கருத்தரிப்பு மையத்தில், குடலைத் தொடாதீர்கள், நேராக ஐ.வி.எஃப். போங்கள் என்கிறார்கள். யார் சொல்வது சரி?"

பதிலுக்குப் போகும் முன் ஒன்று. எம்.ஆர்.ஐ. அளவு வரை எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கணவரின் விந்துப் பரிசோதனை பற்றி ஒரு வரி இல்லை. மறந்திருக்கலாம். ஆனால் இருபது வருடத்துக்கு மேலாகக் குன்னூரில் மகப்பேறு மருத்துவம் பார்த்த பழக்கத்தில் சொல்கிறேன்: பெரும்பாலும் அது மறதி இல்லை, டெஸ்டே எடுத்திருக்க மாட்டார்கள். மனைவிக்கு ஸ்கேன், ரத்தம், எம்.ஆர்.ஐ. எல்லாம் முடிந்து ஆபரேஷனுக்குத் தேதியும் குறித்த பிறகு, "அவனுக்கு ஒண்ணும் இருக்காது டாக்டர்" என்று மாமியார் முடித்துவைத்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். விந்துப் பரிசோதனைக்குச் செலவும் குறைவு, கத்தியும் இல்லை, ஊசியும் இல்லை. அதில் விந்தணு எண்ணிக்கை மிகக் குறைவு என்று வந்தால் நீங்கள் கேட்டிருக்கும் கேள்வியே பாதி மாறிவிடும். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

நான் குடல் அறுவை செய்கிறவள் இல்லை. ஐ.வி.எஃப். மையமும் நடத்தவில்லை. மலையிலிருந்து கீழே அனுப்புகிறவள், போனவர்கள் திரும்பி வந்தபின் பார்க்கிறவள். இந்த இடத்தில் உட்கார்ந்திருப்பதால் ஒரு விஷயம் எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. உங்கள் இரண்டு மருத்துவர்களும் பொய் சொல்லவில்லை. ஆளுக்கொரு கேள்விக்குப் பதில் சொல்கிறார்கள். "இந்த வலி எப்படிப் போகும்?" என்ற கேள்விக்குச் சர்ஜன் பதில் சொன்னார். "எவ்வளவு சீக்கிரம் கரு தங்கும்?" என்ற கேள்விக்கு மையம் பதில் சொன்னது. இந்த இரண்டில் உங்களுக்கு எது முதலில் என்று இருவருமே கேட்டதாகத் தெரியவில்லை. அதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும், வீட்டிலிருக்கும் மற்ற யாரும் இல்லை.

நோயைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை, நீங்களே நிறையப் படித்திருப்பீர்கள். கருப்பையின் உள்படலத்தைப் போன்ற திசு வெளியே வளர்வதுதான் எண்டோமெட்ரியோசிஸ். கருத்தரிக்கும் வயதுப் பெண்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு இது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அவர்களில் நூற்றுக்கு 5 முதல் 12 பேருக்குக் குடல் வரை போகிறது. போனால் பத்தில் ஒன்பது பேருக்கு மலக்குடலிலும் அதற்கு மேலே உள்ள சிக்மாய்டு பகுதியிலும்தான். கேன்சர் இல்லை. "குடல்ல கட்டி" என்றதும் வீட்டில் அழ ஆரம்பிக்கிறார்கள், அதற்காகச் சொல்கிறேன்.

குடலுக்குள் டியூப் விட்டுப் பார்த்து நார்மல் என்றது ஏன் என்று குழம்பியிருப்பீர்கள். இந்த முடிச்சு குடலின் வெளிச் சுவரிலிருந்து உள்நோக்கி வருகிறது. கொலோனோஸ்கோப் பார்ப்பது உள் தோலை மட்டும். வீட்டுக்குள் நின்றுகொண்டு வெளிச்சுவரில் வேர் பிடித்த ஆலஞ்செடியைத் தேடுகிற மாதிரி. அந்த ரிப்போர்ட் தப்பில்லை, அந்தக் கேள்விக்கு அது சரியான டெஸ்ட் இல்லை. பழகிய கை பிறப்புறுப்பு வழியாகச் செய்கிற உள்வழி ஸ்கேனும் எம்.ஆர்.ஐ.யும்தான் இதைக் காட்டும். இந்த நோய்க்குப் பெயர் கிடைக்கவே 7 வருடம், 10 வருடம் ஆவது உலகம் முழுக்க நடப்பது. உங்கள் வலியை யாரோ நெர்வ்ஸ் என்றதற்காக நீங்கள் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இனி உண்மையான கேள்வி. குடலில் இருக்கும் முடிச்சு குழந்தையைத் தடுக்கிறதா?

நேரடியாகப் பார்த்தால், கருமுட்டை குடல் வழியாகப் போவதில்லை. குடல் வரை நோய் போன பெண்ணுக்கு அதோடு கூடவே வேறு சில இருக்கும்: கருக்குழாய் ஒட்டிக்கொண்டு முட்டையைப் பிடிக்க முடியாமல் போவது, சினைப்பையில் சாக்லேட் கட்டி, கருப்பைச் சுவருக்குள்ளேயே நோய் இறங்கிய அடினோமயோசிஸ், அடிவயிறு முழுக்க ஓயாத அழற்சி. இன்னொன்று உண்டு, இதை யாரும் கேட்பதில்லை, பெண்களும் சொல்வதில்லை. மலக்குடலுக்கும் கருப்பைக்கும் நடுவில் முடிச்சு இருந்தால் தாம்பத்தியத்தில் ஆழமான வலி வரும். வலிக்கிறது என்பதால் சேர்வதே குறைந்துபோன தம்பதிகளை, காரணம் தெரியாத குழந்தையின்மை என்று எழுதி அனுப்பியிருந்ததைப் பார்த்திருக்கிறேன். காரணம் கட்டிலிலேயே இருந்தது.

ஆகவே குடல் முடிச்சை எடுத்தால் குழந்தை வருமா என்றால், எடுக்கும்போது கூடவே ஒட்டல்களைப் பிரித்து, குழாயை விடுவித்து, வலியைக் குறைப்பதால் சிலருக்கு வருகிறது. 2018-இல் வெளியான ஒரு பிரெஞ்சு ஆய்வு இதில் அடிக்கடி பேசப்படுவது. மலக்குடலில் 2 செ.மீ.க்கு மேல் நோய் இருந்த 60 பெண்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதிக்குக் குடல் துண்டையே எடுத்தார்கள், மற்றவர்களுக்கு முடிச்சை மட்டும் சுரண்டியோ வட்டமாக வெட்டியோ எடுத்தார்கள். இரண்டு வருடம் கழித்துக் குடல், சிறுநீர்ப்பைத் தொந்தரவுகளில் இரண்டு பக்கமும் குறிப்பிடும்படியான வித்தியாசம் இல்லை. அந்த 60 பேரில் குழந்தை வேண்டியிருந்த 36 பேரைத் தனியாகத் தொடர்ந்து பார்த்தபோது 29 பேர் கருத்தரித்தார்கள், அவர்களில் 17 பேர் இயற்கையாகவே.

இந்த எண்ணைக் கேட்டதும் "ஆபரேஷன்தான்" என்று எழுந்துவிடாதீர்கள். அறுவை செய்தது இதிலேயே ஊறிய கைகள். அறுவை செய்யாமலே விட்ட ஒரு கூட்டம் ஒப்பிடுவதற்கு அங்கே இல்லை. இதனால்தான் 2022-இல் வந்த ஐரோப்பிய வழிகாட்டுதல், ஐ.வி.எஃப். பலிக்க வேண்டும் என்பதற்காக மட்டும் ஆழமான எண்டோமெட்ரியோசிஸை முன்கூட்டியே அறுத்து எடுப்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்கிறது. வலி இருப்பவர்களுக்கு, குழந்தையும் வேண்டும் என்றால், அறுவையை ஒரு வழியாக முன்வைக்கலாம் என்றும் அதே வழிகாட்டுதல் சொல்கிறது. உங்கள் இரண்டு மருத்துவர்களும் ஒரே தாளின் இரண்டு வரிகளைத்தான் படித்துக் காட்டியிருக்கிறார்கள்.

நான் அறுவையை முதலில் வைப்பது எப்போது என்றால், குடல் குறுகி அடைக்கத் தொடங்கியிருந்தால். மலம் பென்சில் மாதிரி வருவது, வயிறு உப்பி வாந்தி வருவது எல்லாம் அதன் அடையாளம். அந்த நிலையில் கர்ப்பத்துக்கும் ஹார்மோன் ஊசிக்கும் போவது சரியில்லை. அடுத்தது சிறுநீர்க் குழாய். பக்கவாட்டில் பரவிய நோய் அதை மெல்ல நெரிக்கும், வலியே இருக்காது, ஒரு பக்கச் சிறுநீரகம் சத்தமில்லாமல் வீங்கிச் செயலிழந்துவிடும். உங்கள் ரிப்போர்ட்டில் சிறுநீரகம் பற்றி எழுதியிருக்கிறதா என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். இல்லை என்றால் ஒரு சாதாரண வயிற்று ஸ்கேன் போதும். மூன்றாவது, மாத்திரைக்கு அடங்காத வலி. நான்காவது, நல்ல கருக்கள் வைத்தும் ஐ.வி.எஃப். திரும்பத் திரும்பத் தவறியவர்கள். இவர்களில் சிலருக்கு அறுவைக்குப் பின் கரு தங்குகிறது, ஆனால் அதற்கான ஆதாரம் உறுதியானது என்று சொல்ல மாட்டேன்.

ஐ.வி.எஃப்.ஐ முதலில் வைப்பது: வயது 35-ஐத் தாண்டிவிட்டால், முட்டை இருப்பு குறைவு என்றால், இரண்டு குழாயும் அடைத்திருந்தால், கணவரின் எண்ணிக்கை மிகக் குறைவு என்றால். இப்போது புரிகிறதா அந்தச் சின்ன டெஸ்டை ஏன் முதலில் பிடித்தேன் என்று. இயற்கையாகக் கரு தங்க வழியே இல்லாத தம்பதிக்கு, இயற்கையாகத் தங்கட்டும் என்று குடலை அறுப்பதில் அர்த்தமில்லை.

அறுவை என்றால் மூன்று வகை. முடிச்சைக் குடல் சுவரிலிருந்து சீவி எடுப்பது, உள்ளே திறக்காமல், ஷேவிங் என்பார்கள். முன்சுவரில் முடிச்சு இருக்கும் இடத்தை வட்டமாக முழு ஆழத்துக்கு வெட்டி எடுத்து மூடுவது, டிஸ்க். குடலின் ஒரு நீளத்தையே வெட்டி எடுத்து இரண்டு முனைகளையும் இணைப்பது, ரிசெக்‌ஷன். பொதுவாக ஒரே முடிச்சு, 3 செ.மீ.க்குள், குடலின் சுற்றளவில் பாதிக்கும் குறைவாகப் பிடித்திருந்தால் முதல் இரண்டில் ஒன்றை யோசிப்பார்கள். பெரிதாக இருந்தால், பல இடத்தில் இருந்தால், குறுகலாக்கியிருந்தால் துண்டை எடுப்பார்கள். சீவினால் அடியில் கொஞ்சம் தங்கி மறுபடி வரும் வாய்ப்பு கூடுதல். துண்டை எடுத்தால் இணைப்பில் கசிவு, பின்னாளில் இணைப்பு சுருங்குவது, மலப் பழக்கம் மாறுவது. ஆசனவாய்க்கு எவ்வளவு பக்கத்தில் இணைப்பு வருகிறதோ அவ்வளவு ஆபத்து கூடும்.

மலப் பழக்கம் மாறுவது என்று சாதாரணமாகச் சொல்லிவிடுவார்கள். இதில் கொஞ்சம் நிற்க வேண்டும். மலக்குடலில் ஒரு பகுதி போனால் அது தேக்கி வைக்கும் இடம் சுருங்குகிறது. ஒரு நாளைக்கு ஐந்தாறு முறை, வந்தால் உடனே போக வேண்டும், போனாலும் முழுதாகப் போன திருப்தி இருக்காது. பலருக்குச் சில மாதங்களில் ஒரு வருடத்துக்குள் அடங்கும், சிலருக்கு அடங்காது. கோயம்புத்தூரில் அபார்ட்மெண்டில் இருப்பவருக்கு அது ஒரு தொல்லை. இங்கே குன்னூர்ப் பக்கம் எஸ்டேட்டில் இலை பறிக்கும் ஒரு பெண்ணை எனக்குத் தெரியும். ஆபரேஷன் நல்லபடி முடிந்தது, மாதாந்திர வலி போய்விட்டது. ஆனால் தேயிலைக் காட்டில் டாய்லெட் எங்கே இருக்கிறது? மற்ற பெண்கள் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் சமாளிப்பார்கள். இவரால் அது முடியாது. இலை நிறுக்கும் நேரம் வரை அடக்க முடியாமல் காட்டுக்குள் ஓட வேண்டும். அங்கே காட்டெருமை நிற்கும். நான்கு மாதத்தில் வேலையை விட்டுவிட்டு வீட்டோடு உட்கார்ந்துவிட்டார். அந்த ஆபரேஷன் தப்பு என்று சொல்ல மாட்டேன். அவருக்குக் குடல் பாதி அடைத்திருந்தது. ஆனால் உங்கள் பள்ளியில் ஆசிரியைகளுக்கான டாய்லெட் வகுப்பறையிலிருந்து எவ்வளவு தூரம், நடுவில் வகுப்பை விட்டுப் போக முடியுமா என்பதைச் சர்ஜனிடம் பேசும்போது வெட்கப்படாமல் சொல்லுங்கள். 2.5 செ.மீ.க்குத் துண்டு எடுப்பதா, வட்டம் வெட்டுவதா என்ற முடிவில் அதற்கும் இடமுண்டு.

கசிவு எத்தனை பேருக்கு என்றால், துண்டை எடுத்து இணைத்தவர்களில் நூற்றுக்குச் சிலர்தான். ஆனால் அந்தச் சிலருக்கு அது உயிர்ப் பிரச்சினை. குடலுக்கும் பிறப்புறுப்புக்கும் நடுவே வழி உண்டாகி அந்தப் பக்கமாகக் காற்றோ மலமோ வருவதும் அரிதாக நடக்கும். அதைத் தடுக்கவே சிலருக்குத் தற்காலிகமாக மலம் வெளியேற வயிற்றில் பை வைத்து, இரண்டு மூன்று மாதம் கழித்து மூடுகிறார்கள். சிறுநீர்ப்பைக்குப் போகும் நரம்புகளும் அந்த இடத்தில்தான் ஓடுகின்றன. சில வாரம் தாமே டியூப் போட்டுச் சிறுநீர் எடுக்க வேண்டிவரலாம். இதையெல்லாம் ஆபரேஷனுக்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். தியேட்டருக்குப் போகும் வழியில் கையெழுத்து வாங்கும் தாளில் இது இருக்கும், ஆனால் அப்போது யார் படிக்கிறார்கள்?

மலைக்காரர்களுக்கு மட்டும் ஒரு சேதி. கசிவு முதல் நாள் தெரியாது. பெரும்பாலும் ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள் காட்டும். நீங்கள் டிஸ்சார்ஜ் ஆகி வீட்டில் இருக்கும் நேரம். காய்ச்சல், குறையாமல் கூடிக்கொண்டே போகும் வயிற்று வலி, நாடித் துடிப்பு வேகம். கீழே இருப்பவர் ஆட்டோ பிடித்துப் போய்விடுவார். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையமே 33 கிலோமீட்டர், அத்தனையும் வளைவு. பலாப்பழ சீசனில் குஞ்சப்பனைப் பக்கம் ராத்திரி யானை நிற்கும். ஐப்பசி, கார்த்திகையில் மண் சரிந்தால் ரோடே இருக்காது. 2009 நவம்பர் மண்சரிவை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஆகவே இரண்டு விஷயம்: அடைமழை மாதங்களில் தேதி வாங்காதீர்கள், ஆபரேஷன் முடிந்து குறைந்தது இரண்டு வாரம் கீழேயே சொந்தக்காரர் வீட்டிலோ வாடகை அறையிலோ தங்குங்கள். "வீட்டுச் சாப்பாடு சாப்பிட்டாதான் தேறும்" என்று ஆறாம் நாள் கூட்டிக்கொண்டு வரப் பார்ப்பார்கள். சாப்பாட்டைக் கீழே கொண்டுபோகச் சொல்லுங்கள். முட்டைக்கோஸும் அவரையும் மட்டும் அந்த வாரங்களில் வேண்டாம், நம்மூர்க் காயாக இருந்தாலும்.

வயிற்றில் பையோடு மலையேற நேர்ந்தால் ஒரு சின்ன வேடிக்கை உண்டு. மேட்டுப்பாளையத்தில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் கோத்தகிரி வரும்போது பந்து மாதிரி உப்பியிருக்கும், பார்த்திருப்பீர்கள். அந்தப் பையும் அப்படியே உப்பும். பயப்பட ஒன்றுமில்லை, கிளம்பும் முன் காலி செய்துவிட்டு, பாதி வழியில் ஒருமுறை காற்றைத் திறந்துவிட்டால் போதும். எந்த ஆஸ்பத்திரியிலும் இதை யாரும் சொல்லி அனுப்பியதில்லை. ஒரு நோயாளிதான் எனக்குச் சொல்லிக் கொடுத்தார்.

கீழே இருக்கும் மருத்துவர்கள் கேட்காமல் விடக்கூடிய இன்னொன்று சிக்கிள் செல் என்ற பரம்பரை ரத்த நோய். கூடலூர், பந்தலூர்ப் பக்கத்துப் பழங்குடி மக்களிடம் அது அதிகம். உங்களுக்குப் பொருந்தாமல் இருக்கலாம், இதைப் படிக்கும் வேறு ஒருவருக்குப் பொருந்தும். பெரிய ஆபரேஷனுக்கு முன் அந்த ரத்தப் பரிசோதனை நடந்தே ஆக வேண்டும். அதேபோல நம் நாட்டில் டி.பி.யும் கருக்குழாயை அடைக்கும், குடலில் ஒட்டலை உண்டாக்கும், எண்டோமெட்ரியோசிஸ் போலவே வேடமிடும். எடுத்த திசுவைக் கட்டாயம் லேபுக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

இடது சினைப்பையின் சாக்லேட் கட்டிக்கு வருகிறேன், ஏனென்றால் குடலைப் பற்றிய பயத்தில் எல்லோரும் இதை மறந்துவிடுகிறார்கள். குழந்தை விஷயத்தில் குடல் அறுவையைவிட இதில்தான் இழப்பு நடக்கலாம். கட்டியின் தோலை உரித்து எடுக்கும்போது ஒட்டியிருக்கும் நல்ல திசுவும் முட்டைகளும் கூடவே போகும். ஏ.எம்.ஹெச். இறங்கும். 2.1 என்பது 31 வயதுக்கு மோசமில்லை, ஆனால் தாராளமாகச் செலவு செய்யும் அளவுக்கும் இல்லை. ஐ.வி.எஃப். செய்வதற்காக மட்டும் இந்தக் கட்டியை எடுக்க வேண்டியதில்லை. குடலுக்காக உள்ளே போகும் சர்ஜன் "அதையும் சேர்த்து எடுத்துவிடுகிறேன்" என்றால், எப்படி எடுப்பார், சினைப்பைத் திசுவை எவ்வளவு காப்பாற்றுவார் என்று கேளுங்கள். இரண்டு பக்கமும் கட்டி இருந்தாலோ இருப்பு குறைவாக இருந்தாலோ, முதலில் முட்டை எடுத்துக் கருவாக்கி உறையவைத்துவிட்டு, பிறகு அறுவை, அதன் பிறகு கருவை உள்ளே வைப்பது என்ற நடுவழியும் இருக்கிறது. செலவு இரட்டிப்பு, ஆனால் சிலருக்கு அதுவே புத்திசாலித்தனம்.

ஒரு எச்சரிக்கை. டயனோஜெஸ்ட் என்ற ஹார்மோன் மாத்திரையை "கட்டி கரையும், குழந்தை தங்கும்" என்று சொல்லி ஆறு மாதம், ஒரு வருடம் கொடுப்பது நடக்கிறது. வலிக்கு அது நல்ல மாத்திரை. ஆனால் சாப்பிடும் வரை முட்டை வெளிவருவது நிற்கும், கரு தங்காது, நிறுத்திய பிறகு கருத்தரிக்கும் வாய்ப்பு கூடுவதும் இல்லை. அறுவைக்கோ ஐ.வி.எஃப்.க்கோ தேதிக்குக் காத்திருக்கும்போது வலியை அடக்கச் சாப்பிடலாம். குழந்தைக்கான மருந்தாக அதைச் சாப்பிட்டுக் காலத்தை விட்டுவிடாதீர்கள். அறுவைக்குப் பின் "மூன்று மாதம் ஹார்மோன் ஊசி போட்டால்தான் நல்லது" என்று சொல்வதும் அதே கணக்குதான். குழந்தைக்குப் பிறகு நோய் தானாகப் போய்விடும் என்பதையும் நம்ப வேண்டாம். கர்ப்பத்தில் வலி ஓய்வெடுக்கும், அவ்வளவுதான்.

அறுவை செய்தால் அதே நேரத்தில் இ.எஃப்.ஐ. மதிப்பெண் எழுதித் தரச் சொல்லுங்கள், அறுவைக்குப் பின் இயற்கையாகக் கரு தங்கும் வாய்ப்பைக் கணிப்பது அது. 0 முதல் 10 வரை. வயது, எத்தனை வருடமாகக் குழந்தையில்லை, முன்பு கரு தங்கியதுண்டா, அறுவை முடிந்தபின் குழாயும் சினைப்பையும் எந்த நிலையில் இருக்கின்றன என்பதையெல்லாம் வைத்துப் போடுவது. மதிப்பெண் நன்றாக இருந்தால் சர்ஜன் அனுமதித்த நாளிலிருந்து ஆறு மாதம் முதல் ஒரு வருடம் இயற்கையாக முயலலாம். குறைவாக வந்தால் காத்திருக்காமல் ஐ.வி.எஃப். போய்விடலாம். அந்த மதிப்பெண்ணிலும் கணவரின் கணக்கு சேராது, அதை நாம்தான் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஐ.வி.எஃப். போனால் நோய் வெறிகொண்டு வளரும் என்று பயமுறுத்துவார்கள். நோய் திரும்ப வரும் வாய்ப்பை ஐ.வி.எஃப். கூட்டுவதாகத் தெரியவில்லை. ஊசி போடும் பத்துப் பன்னிரண்டு நாட்களில் வலி கூடலாம். அந்த நாட்களில் மூன்று நான்கு முறை ஸ்கேன் இருக்கும், தினமும் மலை இறங்கி ஏறாதீர்கள், கீழே தங்கிவிடுங்கள். மையம் 2021-ஆம் வருடத்துக் கருத்தரிப்பு மையங்களுக்கான சட்டப்படி பதிவு பெற்றதா என்று சான்றிதழைப் பார்த்துக்கொள்ளுங்கள், மாட்டி வைத்திருப்பார்கள்.

கரு தங்கிய பிறகு, குடலில் அறுவை நடந்தது என்பதை முதல் விசிட்டிலேயே சொல்லிவிடுங்கள். இந்த நோய் உள்ளவர்களுக்கு நஞ்சுக்கொடி கீழே இறங்கி உட்காரும் வாய்ப்பு கொஞ்சம் கூடுதல். பிரசவம் சுகமா, சிசேரியனா என்பதை இணைப்பு இருக்கும் இடத்தைப் பார்த்து முடிவு செய்வார்கள். கடைசி மாதத்தில் திடீர் வயிற்று வலி என்றால் வாயுத் தொல்லை என்று சுக்குக் கஷாயம் குடித்துக்கொண்டு இருக்கக் கூடாது.

உங்களுக்கு என்ன சொல்வேன்? மாதம் மூன்று நாள் லீவு போட வைக்கும் வலி, வயது 31, இருப்பு பரவாயில்லை. கணவரின் ரிப்போர்ட் நன்றாக இருந்து, குழாயும் திறந்திருந்தால், நான் அறுவையின் பக்கம் சாய்வேன். ஆனால் உடனே இந்த அறுவைக்கு இல்லை. ஒரே முடிச்சு, 2.5 செ.மீ. என்றால் துண்டை எடுப்பதைத் தவிர வேறு வழியில்லையா என்று இன்னொரு குழுவிடம் கேட்ட பிறகு. குழு என்றால் எண்டோமெட்ரியோசிஸ் பழகிய மகளிர் சர்ஜனும் குடல் சர்ஜனும் ஒரே மேஜையில். "தேவைப்பட்டா கூப்பிட்டுக்கலாம்" என்று சொல்கிற இடம் வேண்டாம். இந்த மாதிரி எத்தனை செய்திருக்கிறீர்கள், எத்தனை பேருக்குக் கசிந்தது, பை வைக்க வாய்ப்பு எவ்வளவு என்று நேராகக் கேளுங்கள். நல்ல சர்ஜன் கோபப்பட மாட்டார். வலியோடு வாழ்ந்துவிடுவேன், முதலில் குழந்தை என்று நீங்கள் முடிவு செய்தால், குடல் குறுகவில்லை, சிறுநீரகம் நன்றாக இருக்கிறது என்ற இரண்டையும் உறுதி செய்துகொண்டு ஐ.வி.எஃப். போவதும் சரியான வழியே. கணவரின் எண்ணிக்கை மிகக் குறைவு என்றால் அதுதான் முதல் வழி.

போகும்போது எம்.ஆர்.ஐ. பேப்பரோடு சி.டி.யையும் எடுத்துப் போங்கள். பேப்பரில் இருப்பது இன்னொருவர் பார்த்தது. சர்ஜன் படத்தைத் தானே பார்க்க வேண்டும். அதே பயணத்தில் கணவரையும் லேபுக்கு அனுப்புங்கள். இரண்டு நாளுக்குக் குறையாமல், ஏழு நாளுக்கு மிகாமல் இடைவெளி விட்டுக் கொடுக்க வேண்டிய டெஸ்ட் அது, லேபிலேயே கொடுப்பதுதான் முறை. போன மாதம் ஒருவர் டப்பாவில் எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, கோத்தகிரியிலிருந்து இரண்டரை மணி நேரம் பஸ்ஸில் கோயம்புத்தூர் கொண்டுபோயிருக்கிறார். ரிப்போர்ட்டில் அத்தனையும் செத்திருந்தது என்று வீடே அழுதது. மறுபடி அங்கேயே கொடுத்தார், நார்மல்.